சமையலறையின் சினம் நீதியாகுமா? 'தி மெனு' கதைமாந்தரின் நோக்கங்கள்

2022 நவம்பரில் வெளியான 'தி மெனு' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியை எழுப்புகின்றனர்: தலைமைச் சமையற்கலைஞர் ஜூலியன் ஸ்லோவிக் தம் விருந்தினரை ஏன் கொல்கிறார்? அதற்குப் படமே விடை தந்துவிடுகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவருடன் சேர்ந்து சமையலறைத் தொழிலாளர்களும் ஏன் சாகிறார்கள்? உழைப்போரின் சினத்தையும் நீதியையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் இயக்கங்களுக்குள்ளும் உண்டு என்பதால், இக்கேள்வி நமக்கு முக்கியமானது. படத்தின் முடிவு உட்பட அனைத்தையும் இங்கே பேசுகிறோம்.

கதைக்களம்

மார்க் மைலாட் இயக்கிய இப்படத்தைச் சேத் ரைஸும் வில் ட்ரேசியும் எழுதினர். தனித்தீவு ஒன்றில் 'ஹாதார்ன்' என்னும் உயர்தர உணவகம் இயங்குகிறது. ஒருவருக்கு 1,250 டாலர் கட்டணம். ஓர் இரவுக்குப் பன்னிரண்டு விருந்தினர் மட்டுமே. தம் எழுத்தால் உணவகங்களை மூடவைத்த விமர்சகர், பலமுறை வந்தும் உண்ட பண்டம் ஒன்றையும் நினைவுகூர இயலாத செல்வந்தத் தம்பதி, போலிக் கணக்கெழுதும் இளம் நிறுவன அதிகாரிகள், புகழ் மங்கிய நடிகர், சமையற்கலையைத் தெய்வமாக வழிபடும் டைலர் ஆகியோர் அன்றைய விருந்தினருள் அடங்குவர். டைலர் தன்னுடன் அழைத்துவந்த மார்கோவின் பெயர் பட்டியலில் இல்லை. காதலி பிரிந்துவிட்டதால், அவளிடத்தை நிரப்பப் பணம் கொடுத்து அவன் அமர்த்திய பாலியல் தொழிலாளி அவள்.

பணியாளர்கள் அதே தீவில், படைவீரர் குடியிருப்பைப் போன்ற ஒரே கூடத்தில் வரிசைக் கட்டில்களில் உறங்குகின்றனர். ஸ்லோவிக்கின் வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமையில்லை.

நோக்கம் வேறு, குற்றம் வேறு

குற்றவியல் சட்டம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. ஒருவர் ஒரு செயலை ஏன் செய்தார் என்பது நோக்கம். அதைச் செய்தே தீர்வது என மனத்தில் உறுதி கொண்டது உட்கருத்து. நோக்கம் குற்றத்தை விளங்கிக்கொள்ள உதவும். ஆனால், எவ்வளவு நியாயமான நோக்கமும் கொலையைக் கொலையல்ல என்று ஆக்கிவிடாது.

ஸ்லோவிக்கின் நோக்கம் விளங்கக்கூடியதே. தம் உழைப்பைச் சுவைக்கத் தெரியாதவர்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். ஆனால் அவருடைய தண்டனைப் பட்டியலைப் பாருங்கள். போலிக் கணக்கெழுதியவனுக்கும் மரணம். தமது விடுமுறை நாளைக் கெடுத்த மோசமான படத்தில் நடித்தவருக்கும் மரணம். கல்விக்கடன் இன்றிப் படித்து முடித்தாள் என்ற ஒரே விடைக்காக நடிகரின் உதவியாளருக்கும் மரணம். குற்றத்துக்கேற்ற தண்டனை இல்லை; தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும் இல்லை. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒருவரே. இந்த அமைப்புக்கு நீதி என்று பெயரிட முடியாது.

ரொட்டி இல்லாத தட்டு

படத்தின் மிகக் கூர்மையான காட்சி ஒன்றில், தொட்டுக்கொள்ளும் குழம்புகள் மட்டும் பரிமாறப்படுகின்றன, ரொட்டி இல்லை. ரொட்டி எளிய மக்களின் உணவு, நீங்கள் எளிய மக்கள் அல்லர், ஆகவே உங்களுக்கு ரொட்டி கிடையாது என்பது ஸ்லோவிக்கின் விளக்கம். யாருக்கு எந்த உணவு என்று வகுப்பதே அதிகாரம் என்பதை அறிந்த நமக்கு இக்காட்சி ஒரு நிறைவைத் தருவது இயல்பு. ஆனால், எளிய மக்களின் பெயரால் பேசும் இதே மனிதர், தம் கீழுள்ள எளிய மனிதர்களை எவ்வாறு நடத்துகிறார்?

ஜெரமியும் கேத்தரினும்

ஜெரமி துணைச் சமையற்கலைஞன். நீ நன்றாகச் சமைப்பாய், ஆனால் ஒருநாளும் மேதையாக மாட்டாய் என்று விருந்தினர் முன்னிலையில் ஸ்லோவிக் அறிவிக்கிறார். அவன் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அம்மரணமும் அன்றைய உணவுப் பட்டியலில் ஒரு பண்டமாகவே இடம்பெறுகிறது.

கேத்தரினிடம் ஸ்லோவிக் பாலியல் அத்துமீறலில் ஈடுபட முயன்றார். அவள் மறுத்தாள். அதன்பின் பல மாதங்கள் அவள் முகத்தைப் பார்க்கவே மறுத்தார். ஆனாலும் வேலை வாங்கினார். இதை அவரே ஒப்புக்கொண்டபின், அவள் கத்தரிக்கோலால் அவருடைய தொடையில் குத்துகிறாள். இறுதியில் அனைவரும் சாக வேண்டும் என்ற யோசனை தன்னுடையதே என்று அவள் பெருமையோடு சொல்கிறாள். இழைக்கப்பட்ட அநீதிக்கு ஒரு குத்து ஈடாக வைக்கப்படுகிறது. ஆனால் முதலாளியின் ஆணை அப்படியே நிற்கிறது.

நடைமுறை உலகில் இதற்கு வேறு வழி இருந்தது. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் பணியிடத்தில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்கிறது. பாலியல் துன்புறுத்தலும் அப்பாகுபாட்டின் ஒரு வடிவமே என்பதை 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த வழி எளிதானதன்று. ஆயினும், அது கேத்தரினை உயிரோடு விட்டுவைத்திருக்கும்.

'ஆம், செஃப்!'

ஐரோப்பிய உணவகச் சமையலறையின் அதிகார அடுக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஆகஸ்ட் எஸ்கோஃபியே. படைப்பிரிவில் சமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. தலைமையில் ஒருவர், அவர் கீழ்த் துணைவர், அவர் கீழ்ப் பிரிவுப் பொறுப்பாளர், கடைசியில் பாத்திரம் கழுவுபவர் என்ற அவ்வரிசையே இன்றும் தொடர்கிறது. படத்தில் அனைவரும் ஒரே குரலில் 'ஆம், செஃப்!' என்று முழங்குவது அதன் எதிரொலி.

ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பதால், ஒடுக்கப்பட்டோர் ஒன்றுகூடி எதிர்ப்பது கடினமாகிறது. அண்ணல் அம்பேத்கர் இதனைச் சாதி அமைப்பின் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். சமையலறை சாதியன்று, பிறப்பால் அதில் எவரும் அடைபடுவதில்லை, வேலையை விட்டு வெளியேறவும் இயலும். ஆயினும், மேற்படிக்கு ஏறும் ஆசையும் மேலிருப்பவரின் ஒரு சொல் பாராட்டும் மனிதரைப் பணியவைக்கும் விதத்தை விளங்கிக்கொள்ள அக்கருத்து உதவுகிறது. எல்சாவின் நோக்கம் இதுவே. தன் இடத்தை மார்கோ பறித்துவிடுவாளோ என்ற அச்சத்தில், இன்னொரு தொழிலாளியைக் கத்தியோடு தாக்கி, அப்போராட்டத்தில் அவளே மடிகிறாள்.

இது வெறும் கற்பனையன்று. உலகின் தலைசிறந்த உணவகம் எனப் பலமுறை போற்றப்பட்ட கோபன்ஹேகனின் 'நோமா', தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியதே 2022 அக்டோபரில்தான். 2023 ஜனவரியில், இந்த உயர்தர உணவக முறை இனியும் தாக்குப்பிடிக்காது என்று அதன் நிறுவனரே அறிவித்தார்.

மார்கோ ஏன் தப்பினாள்?

நீ உண்பவர் பக்கமா, உழைப்பவர் பக்கமா என்று ஸ்லோவிக் மார்கோவிடம் கேட்கிறார். எந்தப் பக்கமானாலும் சாவு உறுதி. அவள் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. ஸ்லோவிக் இளமையில் பர்கர் கடை ஊழியராகப் புன்னகைத்து நின்ற படத்தை அவள் பார்த்திருந்தாள். உங்கள் உணவு என் பசியை ஆற்றவில்லை, ஒரு சீஸ்பர்கர் வேண்டும் என்கிறாள். விலை 9.95 டாலர். அவர் மகிழ்ந்து சமைக்கிறார். ஒரு கடி உண்டு, மீதியைக் கட்டித்தரக் கேட்டு, பணம் செலுத்தி வெளியேறுகிறாள். ஒரு வேலை, அதற்கு ஒரு விலை, வேலை முடிந்தால் வீடு திரும்பும் உரிமை: தன் தொழிலில் அவள் அறிந்திருந்த ஒழுங்கு இது. ஸ்லோவிக்கின் பணியாளர்கள் இழந்திருந்ததும் இதையே.

ஆனால் அவள் தனியாகத் தப்புகிறாள். விருந்தினரோடு பணியாளர்களும் தீயில் கருகுகின்றனர்.

தீக்கு மாற்று

அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை உணவகங்களும் புல்மன் ரயில் நிறுவனமும் பணியில் அமர்த்தி, ஊதியத்தின் பெரும்பகுதியைப் பயணிகளின் டிப்ஸ் தயவில் விட்டன. அதன் எச்சம் இன்றும் சட்டத்தில் உள்ளது: டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவில்லை.

அந்தப் புல்மன் ஊழியர்களே 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தனர். அவர்களுடைய சினம் ஸ்லோவிக்கின் சினத்தைவிடக் குறைந்ததன்று. ஆனால் அதைச் சுமந்தது தலைவர் ஒருவரின் வெறியன்று, உறுப்பினரின் கூட்டு முடிவு.

ஸ்லோவிக்கின் கோபத்தில் உண்மை இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் போராட்டத்தையும் அளக்க ஒரு கேள்வி போதும்: முடிவில் பாத்திரம் கழுவியவர் உயிரோடும் உரிமையோடும் வீடு திரும்புகிறாரா? ஹாதார்ன் தீவிலிருந்து அப்படி ஒருவரும் திரும்பவில்லை.