கும்பகோணத்தின் 576

1967-இல் கும்பகோணம் மக்களவைக்கு அனுப்பியவர் தி.மு.க.வின் இரா. செழியன். 1969 ஆகஸ்ட் 16 அன்று அவருடைய ஒற்றை ஓட்டின் மதிப்பு 576. அந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒவ்வொரு எம்.பி.க்கும் அதே மதிப்புதான் இருந்தது, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 144.

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மே 3-ல் காலமானதால் வந்த தேர்தல் அது. அவருக்குப் பதிலாகப் பொறுப்பு வகித்த வி.வி. கிரி, ஜூலை 19-ல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே விலகிச் சுயேச்சையாகக் களமிறங்கினார். காமராஜர் உள்ளிட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்கள் முன்நிறுத்தியது சஞ்சீவ ரெட்டியை. மனசாட்சிப்படி ஓட்டுப்போடுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி.

காவிரி டெல்டாவில் அணிகள் விநோதமாகச் சேர்ந்தன. கீழவெண்மணியில் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து மாண்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. கூலி விவசாயிகளுக்காக நின்ற மார்க்சிஸ்டுகளுக்கும் தி.மு.க. அரசுக்கும் கசப்பு முற்றியிருந்தது. ஆனாலும் கிரி விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். தொழிற்சங்கத் தலைவராக அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அந்த மரியாதை தகும். முதல்வர் நாற்காலியில் அப்போது இருந்தவர் திருக்குவளைக்காரரான கருணாநிதி.

வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது. 15 பெயர்கள், எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். ஆகஸ்ட் 20-ல் எண்ணியபோது கிரிக்கு முதல் விருப்பத்தில் 4,01,515, தேவைப்பட்டதோ 4,18,169. மற்ற வேட்பாளர்களான தேஷ்முக் உள்ளிட்டோரின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களையும் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

வித்தியாசம் 14,650. தி.மு.க. 1967-இல் வென்ற 25 மக்களவை இடங்களின் மதிப்பு மட்டும் 14,400. ஓட்டு ரகசியமானது, யார் எப்படிப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்சி வேறு முடிவெடுத்து அந்த 25 பேரும் ரெட்டியின் பக்கம் போயிருந்தால், இங்கே குறைவது அங்கே கூடி இரட்டிப்பாகும்; ராஷ்டிரபதி பவனுக்குப் போயிருப்பவரும் ரெட்டிதான். தமிழ்நாட்டின் கை இவ்வளவு நேரடியாகத் தெரிந்த குடியரசுத் தலைவர் தேர்தல் வேறில்லை.

தோற்ற தரப்பு அடங்கவில்லை. ரெட்டியை இழிவுபடுத்தி அச்சிட்ட, கையெழுத்தில்லாத துண்டறிக்கை நாடாளுமன்ற மைய மண்டபத்தில் உலவியதாகக் குற்றம் சாட்டி, உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் சாட்சி சொல்ல வர வேண்டிய கட்டாயமில்லை. கிரி வந்தார், நாற்காலியில் அமர்ந்து குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். அந்தத் தேர்தலில் நடந்தவற்றிலேயே பெருமைப்படத் தக்க காட்சி அதுதான். 1970 மே 11-ல் மனுக்கள் தள்ளுபடியாயின.

அதற்குள் காங்கிரஸ் இரண்டாகியிருந்தது. 1971-இல் இந்திராவும் தி.மு.க.வும் கைகோத்தார்கள். கும்பகோணத்தில் செழியன் மறுபடி ஜெயித்தார்.