மாட்டுங்காவில் தனிக்குடித்தனம்

1930களில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குக் குடித்தனம் போகிற தம்பதி, மெட்ராஸில் சாமான்களை மொத்தமாக ஒரு முறை இறக்கி ஏற்றியாக வேண்டும். தெற்கேயிருந்து வருவது மீட்டர்கேஜ் வண்டி. அது எழும்பூரோடு நின்றுவிடும். பம்பாய் மெயில் அகலப்பாதையில் ஓடுவது. அது சென்ட்ரலிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே ஜட்கா. டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், வெண்கலப் பானை, புதுப் புடவைக்குள் பொதிந்து வைத்த ஈயச்சொம்பு, சாக்கில் கட்டிய அம்மி எல்லாம் அந்த ஜட்காவில் ஏறும். பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ஊர் வழியாகப் போவதே அகலப்பாதைதான் என்பதால், அரக்கோணத்தில் வண்டி மாறினால் போதும்.

மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளமும் பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. ரயில்வேயின் தண்டவாளமும் ராய்ச்சூரில் சந்தித்தது 1871இல். ஆனால் பாதை திறந்ததுமே தமிழர்கள் மூட்டை கட்டிவிடவில்லை. மெட்ராஸ் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஈடான குமாஸ்தா வேலைகள் மாகாணத்துக்குள் இல்லை. பம்பாயில் பஞ்சாலைகளும் வங்கிகளும் வெள்ளைக்காரக் கம்பெனிகளும் ரயில்வே அலுவலகங்களும் பெருகின. கடிதம் எழுத, கணக்கு வைக்க, சுருக்கெழுத்தில் சொன்னதைப் பிடித்து டைப் அடித்துத் தர இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும். முதல் உலகப்போருக்குப் பிறகு ஒரு டைப்ரைட்டிங் சர்ட்டிஃபிகேட்டும் அத்தையோ அத்திம்பேரோ கொடுத்த ஒரு விலாசமும் இருந்தால் போதும், வண்டி ஏறிவிடலாம் என்ற நிலை வந்தது. பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி அக்கிரகாரங்களிலிருந்து பையன்கள் கிளம்பினார்கள்.

கிளம்பியவர்கள் எல்லாரும் ஆண்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு அறை, சாப்பாடு மெஸ்ஸில். மாட்டுங்காவில் இன்றும் பேசப்படும் சாப்பாட்டுக் கடைகள் இந்தத் தனியாட்களை நம்பி வளர்ந்தவைதாம். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் வந்தது. கஃபே மெட்ராஸ் 1940இல். ரயில் நிலையத்துக்கு எதிரே ராம நாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங் 1942இல். பம்பாய்த் தனியாள் வாழ்க்கையை நாஞ்சில் நாடன் பிற்பாடு ‘சதுரங்க குதிரை’ நாவலில் எழுதினார். அந்த வாழ்க்கைக்கு ஒரு தட்டுச் சோறும் படுக்க ஒரு மூலையும் போதும். அதற்கு எந்தப் பேட்டையாக இருந்தாலும் சரி. மாட்டுங்கா தமிழர் பேட்டையானது இவர்களால் அல்ல, இவர்களுடைய மனைவிமார் ரயிலேறிய பிறகுதான்.

அதற்கு வீடு வேண்டும். அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது, சுற்றிவளைத்துப் பார்த்தால், பிளேக்.

1896இல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக் பம்பாயைக் காலி செய்துகொண்டே போனது. நெரிசலும் காற்றோட்டமின்மையும்தான் காரணம் என்று நம்பிய அரசாங்கம் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. டிரஸ்ட் தீவின் வட கோடியில் வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை வளைத்துப்போட்டது. அகலமான தெருக்கள், ஐந்து பூங்காக்கள், நடுவே கிங்ஸ் சர்க்கிள் என்று வரைபடம் போட்டு மனைகளைக் குத்தகைக்கு விட்டது. ரொம்ப காலம் அங்கே யாரும் வீடு கட்ட முன்வரவில்லை. 1920களிலும் 30களிலும்தான் இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. ஊருக்கு ஒதுக்குப்புறம், ஆனாலும் ரயில் நிலையம் பக்கத்தில். குமாஸ்தாவுக்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை. டில்லிக்குப் போன தமிழ்க் குமாஸ்தாவுக்கு சர்க்கார் குவார்ட்டர்ஸ் கொடுத்தது. பம்பாய்க்குப் போனவன் தன் சம்பளத்துக்குள் வாடகை கட்டித் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவனுக்குக் கிடைத்தது ஃபிளாட். இன்று இந்தச் சொல்லில் விசேஷம் ஒன்றுமில்லை. அன்றைக்கு நடுத்தர இந்தியக் குடும்பம் ஒன்றுக்கு இது முற்றிலும் புதிய வகை வீடு. பம்பாய் அதற்குமுன் அறிந்திருந்தது பெரிய மனிதர்களின் பங்களா, இல்லையென்றால் சால்: நீண்ட தாழ்வாரம், வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். மாட்டுங்கா ஃபிளாட்டில் இரண்டு அறை, சமையலறை, பால்கனி. குளியலறையும் கழிப்பறையும் வாசற்கதவுக்கு உள்ளேயே. நகர வரலாற்றாசிரியர் நிகில் ராவ் இந்தப் பேட்டையின் அடுக்குமாடி வாழ்க்கையை வைத்து 2013இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சாலுக்கும் ஃபிளாட்டுக்கும் நடுவிலான கோடு அந்தக் கழிப்பறைதான் என்பது அதில் அவர் விரித்துச் சொல்லும் சங்கதிகளில் ஒன்று.

கழிப்பறை என்றால் சின்ன விஷயமில்லை. கிராமத்தில் அது கொல்லைக் கோடியில், கிணற்றையும் மாட்டுத் தொழுவத்தையும் தாண்டி. மடி உடுத்திச் சமைக்கிற வீட்டில் அடுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் மட்டும் இருப்பது என்றால், முதல்முறை வந்து பார்த்த மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும்? குழாயைத் திருகினால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற தைரியத்தில்தான் இந்த ஏற்பாடு ஒப்பேறியது. குளியலறையையும் கழிப்பறையையும் தனித்தனி அறைகளாக வைத்தார்கள். பல கட்டடங்களில் பின்பக்கச் சுவரை ஒட்டி இரும்புச் சுழற்படி ஒன்று ஏறும். கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் முன்வாசல் வழியாக வராமல் இதில் ஏறி வந்து போக வேண்டும். நவநாகரிக வீடு, வர்ணாசிரமத்துக்கென்று தனிப் படிக்கட்டு. பழைய பம்பாய்க் கட்டடங்களின் முதுகில் துருப்பிடித்துத் தொங்கும் அந்தப் படிகளை ‘பாரம்பரிய அழகு’ என்று படம் பிடிக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இந்த வீட்டுக்குள் புதுப் பெண்ணைக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு முறை இருந்தது: குடித்தனம் வைப்பது. பெண்ணின் அப்பா அம்மா கூடவே ரயிலேறி வருவார்கள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, சாமான்களை அடுக்கி, எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்து, பத்து நாளோ பதினைந்து நாளோ இருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவார்கள். அதோடு சரி. அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகலில் ஒரு வீட்டில் தனியாக இருப்பாள்.

அவளுக்கு எத்தனை பழக வேண்டியிருந்தது என்பதை இன்று யோசித்துப் பார்ப்பது கடினம். விறகடுப்பில் பழகிய கைக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ். பம்ப் அடிக்கும்போது கொஞ்சம் அசந்தால் தீ முகத்துக்கு வரும். ஈயச்சொம்பு அதன்மேல் இன்னும் பெரிய ஆபத்து. ரசத்துக்குப் புளித்தண்ணீர் விடுவதற்கு முன்பே சொம்பை ஏற்றிவிட்டால் உருகிக் குழம்பாகிவிடும். அரைக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். அவர் பேசுவது குஜராத்தியா மராட்டியா என்றுகூட முதலில் புரியாது. பால்காரரிடம், வண்ணாரிடம், பாத்திரம் தேய்க்க வரும் பாயியிடம் பேசிப் பேசியே பம்பாய் ஹிந்தி ஒன்று நாக்கில் ஏறும்; இலக்கணம் பார்ப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய ஹிந்தி. கணவனோ காலை ஒன்பது மணி வண்டியைப் பிடித்தால் அந்தி சாய்ந்துதான் வருவான்.

ஆனால் சமையலறை அவளுடையது. எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, என்ன சமைப்பது, யாரை உள்ளே விடுவது என்பதை மாமியார், நாத்தனார், ஓரகத்தி யாரும் சொல்லவில்லை. இருபது பேர் கூட்டுக் குடும்பத்தில் புருஷனோடு பகலில் இரண்டு வார்த்தை பேசுவதே பேச்சாகிவிடும் காலத்தில், இருவரும் சேர்ந்து ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடந்து போகலாம், கேட்பாரில்லை. பம்பாய்த் தமிழரைப் பற்றிய மலர்களிலும் பொன்விழாக் கட்டுரைகளிலும் சபாக்களின் செயலாளர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். இந்த விடுதலையைப் பற்றி ஒரு வரி இராது. தூரம் சிலருக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) படத்தில் வரும் இந்து–முஸ்லிம் ஜோடி தெற்கேயிருந்து அந்த நகரத்துக்கு ஓடியது கதாசிரியரின் வசதிக்காக மட்டும் அல்ல.

பேட்டை எந்த வரிசையில் உருவானது என்று பார்த்தால், ஒரு குடும்பத்தின் தேவைகள் முளைக்கும் வரிசைதான் அது. கோயில் முன்பே இருந்தது. ஆஸ்திக சமாஜம் 1923இல் தொடங்கியது. பெண்கள் வந்ததும் காய்கறிக் கடைகளில் வாழைக்காய், சேப்பங்கிழங்கு, வாழையிலை, கதம்பம். கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் காப்பிக்கொட்டைக் கடை. குழந்தைகள் பிறந்ததும் பள்ளிக்கூடப் பிரச்சினை. 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி (எஸ்.ஐ.இ.எஸ்.) என்ற அமைப்பைத் தொடங்கினார். அது வளர்ந்து 1960இல் சயானில் கல்லூரியாயிற்று. பிள்ளைகள் வளர்ந்து வீட்டில் கொஞ்சம் மூச்சுவிட நேரமும் காசும் வந்த பிறகுதான் கச்சேரி. சண்முகானந்தா சபா 1952இல். ஏறக்குறைய மூவாயிரம் பேர் உட்காரும் அதன் அரங்கம் 1963இல் திறந்தது.

இதற்குள் வீட்டுக் கணக்கு மாறிவிட்டது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் பிடித்து நிறுத்தியது. அதற்குமுன் வந்து குடியேறிய தம்பதிக்கு அது லாட்டரி. அவர்கள் காலிசெய்யவே இல்லை. பிறகு வந்தவர்கள் ‘பகடி’ என்ற பெயரில் கையில் ஒரு பெருந்தொகை வைத்தால்தான் மாட்டுங்காவில் சாவி கிடைக்கும். அதற்கு வழியில்லாத 1950களின் புதுத் தம்பதிகள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போனார்கள். டிராம்பேயில் அணுசக்தி நிலையம் வந்ததும் செம்பூரில் தமிழ்க் குரல் கூடியது. அத்தையின் விலாசம் இப்போது விடுமுறை நாளில் போய்ப் பார்க்கிற இடம். கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் திரும்ப வேண்டும்.

வேலையில் முந்திக்கொண்டார்கள் என்ற மனத்தாங்கல் மராட்டிய இளைஞர்களிடம் புகைந்துகொண்டிருந்ததில் வியப்பில்லை. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் உத்தியோகம் பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலை வாராவாரம் அச்சிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. லுங்கியை விரட்டச் சொல்லும் கோஷம் தெருவில் கேட்டது. மாட்டுங்காக்காரர்களில் லுங்கி கட்டியவர்கள் குறைவு, வேட்டி கட்டியவர்கள் அதிகம் என்பதைக் கோஷம் போட்டவர்கள் கவனிக்கவில்லை. அடி அதிகம் விழுந்ததும் மாடி வீட்டுக்காரர்கள்மேல் அல்ல.

ஏனென்றால், பம்பாய்க்குக் குடித்தனம் வந்த தமிழர்கள் இவர்கள் மட்டும் அல்லர். முதலில் வந்தவர்களும் அல்லர். ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் தலித்துகளும் தோல் பதனிட அங்கே வந்துவிட்டார்கள். படீ மசூதி 1887இல் எழுந்தது. பிள்ளையார் கோயில் 1913இல். 1924இல் தாராவிக்கு வந்த முதல் பள்ளிக்கூடமே தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். தாராவியை ஒட்டிய குடிசைப் பகுதி ஒன்றுக்கு ‘மாட்டுங்கா லேபர் கேம்ப்’ என்றே பெயர். பெயரில்தான் உறவு.

அந்தப் பக்கம் வந்த தம்பதியைக் குடித்தனம் வைக்க யாரும் பத்து நாள் வந்து தங்கவில்லை, தங்க இடமுமில்லை. தோல் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதற்குள் அடுப்பு, தண்ணீருக்குத் தெருக்குழாய், கழிப்பறைக்குப் பொது வரிசை. மாட்டுங்காவில் வாசற்கதவுக்குள் வந்துவிட்ட வசதிக்காகத் தாராவிப் பெண் விடிவதற்கு முன்பே எழுந்து நிற்க வேண்டும். இங்கே மனைவியின் கையும் சம்பாதித்தது. முறுக்கு சுற்றி, அப்பளம் இட்டு, ராத்திரி மாவாட்டி இட்லி அவித்து அனுப்பினார்கள். விடிகாலையில் அலுமினியப் பாத்திரத்தோடு பம்பாயின் தெருக்களுக்குப் போன இட்லியில் பெரும்பகுதி தாராவியில் அவித்ததுதான். மாட்டுங்கா ஓட்டலைப் பற்றி எழுதும் பேனாக்கள் அந்த இட்லியைத் தாண்டிப் போய்விடுகின்றன. தமிழ்ச் சினிமா ‘நாயகன்’ (1987) வழியாக இந்தப் பக்கத்தைப் பார்த்தது. ஆனால் அதற்குத் தாதாவைக் காட்டிலும் இட்லிக்காரியில் அவ்வளவு ருசியில்லை.

இன்றைய மாட்டுங்காவில் கச்சிக்காரர்களும் குஜராத்திகளும்தான் பெரும்பான்மை. பழைய பகடி வீடுகளின் பிள்ளைகள் தங்கள் பங்கைக் கைமாற்றிவிட்டு நவி மும்பைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், எஸ்.ஐ.இ.எஸ்.ஸும் நெருலில் ஒரு வளாகம் கட்டிக்கொண்டது. இடித்துக் கட்டுகிறவர்கள் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இருபது மாடிக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தில் குஜராத்திதான் அதிகம் கேட்கிறது. பூக்கடைகளில் மட்டும் தமிழ் இன்னும் செல்லும்.