நற்றாயும் செவிலியும்

நம் அகப்பாடல்களைப் பயிலும் மாணவர்கள், தலைவிக்குத் தாயர் இருவர் உண்டென்பதை அறிவர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவரும் ஒரே மனையில் வாழ்ந்து ஒரே மகளின் நலத்தை நாடினர். பிணியாளரைப் பேணும் தொழிலுக்குச் செவிலியர் தொழில் என்று நாம் பெயரிட்டபோது, அந்தப் பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டோம். ஆயினும், மருத்துவமனை என்னும் புதிய மனையிலே அவ்விரு தாயரும் நெடுங்காலம் பிரிந்தே நின்றனர். செவிலி கதவுக்கு உள்ளே இருந்தாள். நற்றாய் கதவுக்கு வெளியே நின்றாள். குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறக்கும் குழந்தைகளைப் பேணிய வரலாற்றை, அந்தக் கதவு அடைபட்டுத் திறந்த வரலாறு என்றே நான் கருதுகிறேன். அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. 1870-71 போரில் தோல்வியுற்ற பிரான்சு, தன் நாட்டில் பிறப்புத் தொகையும் குன்றி வருவதைக் கண்டு பெரிதும் கவலையுற்றது. பிறந்த குழந்தைகளையேனும் சாகாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஸ்தெபான் தார்னியே, 1878ஆம் ஆண்டில் விலங்குக் காட்சிசாலை ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டார். முட்டைக்கு உதவும் வெப்பம் மனிதக் குஞ்சுக்கும் உதவாதோ என்று அவருக்குத் தோன்றியது. அப்பெட்டியை அமைத்த ஓதீல் மார்டேன் என்பவரைக் கொண்டே, குழந்தைகளுக்கான பெட்டி ஒன்றைச் செய்வித்தார். வெந்நீரின் சூட்டால் கதகதப்பான காற்று அதனுள்ளே பரவியது.

இதன் காரணம் எளியது. குறைமாதக் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் உடலின் பரப்போ மிகுதி. ஆகவே அது தன் சூட்டை விரைவில் இழந்துவிடுகிறது. பெட்டி வந்தபின், 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 ஆக இருந்த இறப்பு 38 ஆகக் குறைந்தது.

ஆனால் பெட்டி குழந்தையோடு வீட்டுக்குப் போவதில்லை. இந்த உண்மையை நன்குணர்ந்தவர் தார்னியேயின் மாணவர் பியேர் புடேன். எளிய குழந்தையைக் காப்போர் மூன்றைக் கருத வேண்டும் என்றார் அவர்: ஒன்று வெப்பம், மற்றொன்று உணவு, மூன்றாவது தொற்றும் நோய்கள். அவர் கண்ட வேறோர் உண்மைதான் என் நெஞ்சைத் தொடுவது. குழந்தையைத் தொடவும் பாலூட்டவும் வாய்ப்பில்லாத தாய்க்கு நாளடைவில் அதன்மேல் பற்றுக் குன்றுகிறது. சிலர் குழந்தையைக் கைவிட்டும் விடுகின்றனர் என்று அவர் கண்டார். உயிர் பிழைத்த குழந்தை தாயை இழக்கிறது! ஆகவே, தாய்மார் வந்து தம் குழந்தைகளைப் பார்க்க வேண்டும், தாமே பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1892ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சாரிதே மருத்துவமனையில் அவர் ஓர் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். வீடு திரும்பிய தாய்மார் குழந்தைகளை வாரந்தோறும் அங்கே கொணர்ந்தனர். குழந்தையை நிறுத்து எடையைக் குறித்தார்கள். தாய்ப்பால் போதாதபோது, கிருமி நீக்கிய பசுவின் பாலை அளந்து கொடுத்தார்கள். பேச அறியாத குழந்தையின் சார்பில் தராசு பேசியது. அதன் மொழியைத் தாய் கற்றுக்கொண்டாள். குழந்தை நல நிலையங்களில் இன்று நாம் காணும் எடைத் தராசுக்கும் வளர்ச்சி அட்டைக்கும் இத்தகைய நிலையங்களே முன்னோடி எனலாம்.

இந்நிலையில் கதை அமெரிக்காவுக்குச் செல்கிறது. அங்கே விந்தையான திருப்பத்தையும் அடைகிறது. மார்ட்டின் கூனி என்பவர், நியூயார்க்கில் கோனித் தீவுக் கேளிக்கைத் திடலில், 1903 முதல் 1943 வரை ஆண்டுதோறும் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். பார்வையாளர் கொடுத்த கட்டணத்தால் செவிலியருக்குச் சம்பளம் கிடைத்தது. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. வேறு புகலிடமற்ற பல குழந்தைகள் அங்கே பிழைத்தனர் என்பது உண்மை. எனினும், தாய்க்குக் கிடைத்தது என்ன? காட்சியைக் காண ஓர் இலவசச் சீட்டு! பேணும் பணியில் அவளுக்குப் பங்கில்லை.

1922ஆம் ஆண்டில் சிகாகோவில், ஜூலியஸ் ஹெஸ் என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். அதன் தலைமைச் செவிலியாக விளங்கிய எவ்லின் லண்டீன் அம்மையாரின் கண்டிப்பும் தூய்மையும் பெயர் பெற்றவை. 1941இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல், மருத்துவத்தையும் செவிலியர் பணியையும் இணையாக வைத்துப் பேசியது. நோய்த்தொற்று அக்காலத்தில் பேரச்சமாக இருந்தது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் வராத நாளில், ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு அறை முழுவதையும் சூறையாடக்கூடும். ஆகவே கதவை அடைத்தவர்களைக் கொடியோர் என்று நாம் சொல்லலாகாது. ஆனால் மருந்துகள் வந்த பின்னும் கதவு திறக்கவில்லை. வாரக்கணக்காகக் கண்ணாடி வழியே பார்த்த குழந்தையை, வீட்டுக்குப் போகும் நாளில் தாயின் கையில் கொடுத்தார்கள். எப்படித் தூக்குவது என்றுகூட அவள் அறியாள்.

கதவு மெல்லத்தான் திறந்தது. தாய்மார் கைகழுவி உள்ளே வந்து குழந்தைகளைத் தொட்டதால் தொற்றுநோய் பெருகவில்லை என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 1970இல் எழுதினார்கள். 1979இல், அப்போது சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த எஸ்டோனியாவின் தாலின் நகரில், செவிலியர் பற்றாக்குறையால் இடருற்ற அடிக் லெவின் என்னும் மருத்துவர், தாய்மாரையே இரவும் பகலும் குழந்தையைப் பேணச் செய்தார். ஊசியும் சிகிச்சையும் செவிலியர் பொறுப்பு; மற்றவற்றைத் தாய்க்குக் கற்பிப்பதும் அவர்கள் பொறுப்பு.

ஏறக்குறைய அதே காலத்தில், 1978இல், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்தது. எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு நிமிர்த்தி, தோலோடு தோல் படுமாறு துணியால் கட்டிவைத்தார். அவருடன் எக்தோர் மார்த்தினெஸ் சேர்ந்துகொண்டார். கங்காரு முறை என்று உலகம் அதனை அழைத்தது. கைவிடப்படும் குழந்தைகள் குறைந்தனர் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். புடேன் கண்ட துயருக்கு இங்கே விடை கிடைத்தது.

வறுமையில் பிறந்த இம்முறை, வறியோர்க்கு மட்டும் உரிய மாற்று என்று பலரால் கருதப்பட்டது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடனேயே தாயின் மார்பு தரப்பட்டது. தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. மற்றப் பிரிவில், குழந்தையின் நிலை சீரான பின்னரே அது தொடங்கியது. 28 நாளுக்குள், பின்னதில் ஆயிரத்துக்கு 157 குழந்தைகள் இறந்தனர், முன்னதில் 120. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

இதனால் செவிலியின் பணி குறைந்ததா? இல்லை, வளர்ந்தது. குழந்தையைப் பேணுவதோடு, பேணக் கற்பிப்பதும் இப்போது அவள் கடமை. கைகளை எப்படிக் கழுவுவது, பாலை எப்படிப் பீய்ச்சி ஊட்டுவது, பால் குடிக்க மறுத்தல், பாதம் குளிர்தல், மூச்சு வேகமாதல் ஆகிய அறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றையெல்லாம் அவள் கற்பிக்கிறாள். தந்தையும் பாட்டியும் அப்பாடத்துக்கு உரியவர்களே. அவர்கள் மார்பிலும் குழந்தைக்குச் சூடு உண்டு.

மாணவ நேயர்களே! உங்களில் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், பலர் பெற்றோர் ஆவீர்கள். கருவிகள் இன்னும் திறம் பெறும்; பெறுக. எனினும், கருவி ஒரு குழந்தையைச் சில வாரங்களே காக்கிறது. அதன்பின் உள்ள ஆண்டுகளைக் காப்பவை, மருத்துவமனையிலேயே பழகிப் பயின்ற பெற்றோரின் கைகள். நற்றாயும் செவிலியும் மீண்டும் ஒரு மனையில் கூடியிருக்கிறார்கள். அவர்களை மறுபடி பிரிக்காதிருப்பது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.