ஃபோகஸைத் தள்ளிப்போட்ட கேமரா

போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக ஃபோகஸ் செய்துகொள்ளலாம் என்று 2011இல் லைட்ரோ நிறுவனம் அறிவித்தபோது, நான் அதை டெமோ வித்தை என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசனை ரொம்பப் பழசு. 1908இலேயே கேப்ரியல் லிப்மன், பூச்சியின் கண்போலக் குட்டிக் குட்டி லென்ஸ்கள் பதித்த தகடு ஒன்றைப் பாரிஸ் அறிவியல் அகாதமியின் முன் விவரித்திருந்தார். அதே வருஷம் அவருக்கு நோபல் கிடைத்தது. இதற்கில்லை, அவருடைய வண்ணப் புகைப்பட முறைக்கு.

சாதாரண கேமராவில், லென்ஸின் பல பக்கங்களிலிருந்து வரும் கதிர்கள் சென்சாரின் ஒரே புள்ளியில் வந்து விழுகின்றன. மொத்தம் மட்டும் பதிவாகும். எந்தக் கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது போயே போச்சு. மளிகைக் கடைச் சீட்டில் சாமான் விலையெல்லாம் கிழிந்துபோய், கடைசித் தொகை மட்டும் மிஞ்சுகிற மாதிரி. சென்சாருக்கு முன்னால் நுண்லென்ஸ்களை வைத்தால் கதிர்கள் திசைவாரியாகப் பிரிந்து பதிவாகும். பிறகு மென்பொருள் அவற்றை வேறு விதமாகக் கூட்டினால் ஃபோகஸ் வேறு இடத்துக்கு நகரும். அவ்வளவுதான். ஃபோகஸ் என்பதே ஒரு கூட்டல் கணக்கு.

1992இல் எம்ஐடியில் ஏடெல்சனும் வாங்கும் இப்படியொரு கேமராவைச் செய்து, தூரத்தை அளக்கப் பயன்படுத்தினார்கள். 2005இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் ரென் இங் அதைக் கையில் தூக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். விலைதான் பயங்கரம்: 1.6 கோடி பிக்சல் சென்சாரிலிருந்து கிடைத்த படத்தில் சுமார் 90,000 பிக்சல்கள். திசையைச் சேமிக்கத் துல்லியத்தை விற்றாக வேண்டும்.

இங் தொடங்கிய லைட்ரோ, 2012இல் 399 டாலருக்குக் கேமரா விற்றது. படமோ ஒரு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். அப்போது போன்களே 8 மெகாபிக்சல் எடுத்தன. யார் வாங்குவார்கள்?

வாங்கியவர்களுக்கு வேறொரு அடி காத்திருந்தது. தொட்டால் ஃபோகஸ் மாறும் படங்களை அவர்கள் மற்றவர்களுக்குக் காட்டியது நிறுவனத்தின் இணையதளத்தில். 2017 நவம்பர் 30இல் அது மூடப்பட்டது. அடுத்த வருஷம் நிறுவனமும். சர்வரை நிறுத்துவது எங்கள் தொழிலில் ஒரு வரிக் கட்டளை. அங்கே நின்றுபோனது பல குடும்பங்களின் ஆல்பம்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் கூகுள் பிக்சல் 2 வெளிவந்திருந்தது. ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்து, அந்த இரு பார்வைகளிலிருந்து ஆழத்தைக் கணித்து, பின்னணியை மங்கலாக்கியது. அந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர் மார்க் லெவாய், இங்கின் 2005 ஆய்வறிக்கையில் இணையாசிரியராக இருந்தவர்.