அறிவும் மனச்சான்றும்: ஒரு சொல்லடியின் வரலாறு



ஆங்கிலத்தில் 'சயன்ஸ்' என்னும் சொல்லையும் 'கொன்ஷன்ஸ்' என்னும் சொல்லையும் நம் மாணாக்கர் தனித்தனியே கற்கின்றனர். முன்னது ஆய்வுகூடத்துக்கு உரியதென்றும், பின்னது சமயபாடத்துக்கு உரியதென்றும் எண்ணுகின்றனர். உண்மையில் இவ்விரண்டும் ஒரு வயிற்றிற் பிறந்த உடன்பிறப்புகள். இவற்றின் தாய், இலத்தீன் மொழியில் அறிதலைக் குறிக்கும் 'ஸ்கீரே' என்னும் வினை.

அவ்வினையிலிருந்து 'ஸ்கியென்தியா' என்னும் பெயர் பிறந்தது, பொருள், அறிவு. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்தபோது எல்லா வகை அறிவையும் குறித்தது. இயற்கையைச் சோதித்து அறியும் துறைகளுக்கே சிறப்பாக உரியதென அதன் பொருள் சுருங்கியது பிற்காலத்தில்தான். அத்துறையில் உழைப்போரைக் குறிக்கும் 'சயன்டிஸ்ற்' என்னும் சொல்லை வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞர் ஆக்கினார். அது அச்சில் வந்த ஆண்டு 1834.

இனி, 'உடன்' எனப் பொருள்படும் முன்னொட்டு அவ்வடியோடு சேர்ந்தபோது 'கொன்ஸ்கியென்தியா' ஆயிற்று. அஃதாவது, உடனிருந்து அறிதல். பிறனொருவன் செய்ததை உடனறிந்தவன் அதற்குச் சாட்சியாவான். தான் செய்ததைத் தன்னுள்ளேயே உடனறிவது மனச்சான்று. எல்லாம் அறிந்த இறைவனைக் குறிக்கும் 'ஒம்னிசியன்ற்' என்பதும் இவ்வடிக்கே உரியது. வியப்பான ஒன்றையும் சொல்வேன். 'நைஸ்' என்று இன்று நாம் பாராட்டிச் சொல்லும் சொல், அறியாதவன் எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்பதன் வழி வந்தது. முதலில் பேதையைக் குறித்தது. பின் நுணுக்கத்தைக் குறித்தது. ஈற்றில் இனிமையைக் குறிக்கலாயிற்று.

தமிழில் இவ்விலத்தீன் அடிக்கு நேராக நிற்பது 'அறி' என்பது. அறிவு, அறிஞர், அறிகுறி, அறிக்கை, அறிமுகம் எனக் கிளைத்து, இவ்வானொலியில் நேரம் கூறும் அறிவிப்பாளர் வரை அது பரந்து நிற்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. இலத்தீன் கல்லாத ஆங்கிலச் சிறுவனுக்குச் 'சயன்ஸ்' என்பதன் உட்பொருள் மூடிய பெட்டகம். தமிழ்ச் சிறுவனுக்கோ 'அறி' என்பது வீட்டிற் புழங்கும் சொல். அதன் கிளைகள் யாவும் அவனுக்குத் தாமே திறக்கும்.

வீரமுனையும் சம்மாந்துறையும் காரைதீவும் கல்முனையும் அடுத்தடுத்து அமைந்த எம் கீழ்க்கரையில், அறிதலைக் குறிக்கும் அடிகள் பல கலந்து வழங்குகின்றன. பாடசாலையை வித்தியாலயம் என்கிறோம். அது அறிதற் பொருள்கொண்ட 'வித்' என்னும் வடமொழி அடியிற் பிறந்தது. ஞானம் என்பதன் அடியோ ஆங்கிலத்தின் 'நோ' என்னும் வினைக்கு உறவு. பள்ளிவாசலை அடுத்த தெருவில் இல்ம், ஆலிம், உலமா என்னும் சொற்கள் கேட்கும். இவை அரபு மொழியில் அறிதலைக் குறிக்கும் ஓரடியின் கிளைகள். அவ்வடியிற் பிறந்த 'முஅல்லிம்', ஆசிரியரைக் குறிப்பது. கப்பலில் வழியறிந்து செலுத்துவோனையும் அச்சொல்லாற் குறித்தனர். அதுவே நம் நாவில் 'மாலுமி' ஆயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் ஆகிய நாம் யாவரும் அச்சொல்லைத் தமிழென்றே வழங்கி வருகிறோம்.

மேனாட்டுக் கலைகளைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி இத்தீவிற் பழையது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த அவர்தம் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்தும் முறை அது.

வேறொரு முறைக்குத் துணைநின்றவர் எம் அயலூராகிய காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் தகுதி அவருக்கு இவ்விரு கல்வியாலும் வாய்த்தது. அம்முயற்சியின் பயனாகத் துறைதோறும் தமிழ்ச்சொற்கள் தொகுக்கப்பட்டுக் 'கலைச்சொற்கள்' என்னும் நூல் 1938இல் வெளிவந்தது.

இன்று தமிழ்நாட்டுச் சிறுவன் 'அறிவியல்' கற்கிறான்; இலங்கைச் சிறுவன் 'விஞ்ஞானம்' கற்கிறான். எது சிறந்ததென வாதிட நான் வரவில்லை. 'வி' என்னும் முன்னொட்டு, வேறுபிரித்தலை உணர்த்துவது. ஆதலின் விஞ்ஞானம் என்பது பகுத்தறிதல். இலத்தீன் 'ஸ்கீரே' என்பதும் பிளத்தல், பிரித்தல் என்னும் பழைய பொருளிலிருந்து வந்தது என்பர் மொழிநூலார். எங்கணும் மனிதன் ஒன்றை ஒன்றினின்று பிரித்துணர்வதையே அறிவு என்று கொண்டான். ஆசிரியர் இதனைச் சொல்லிக்கொடுத்தால், மாணாக்கன் வரைவிலக்கணத்தை நெட்டுருப் பண்ணவேண்டியதில்லை. சொல்லே அவனுக்குப் பாடம் நடத்தும்.

ஆயினும், பிரித்தறிதல் மட்டும் போதுமா? 1945 ஆடித் திங்களில், அணுகுண்டு ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்த விஞ்ஞானிகள் 70 பேர், லியோ சிலார்டு என்பவர் எழுதிய விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். சரணடைதற்குரிய நிபந்தனைகளை வெளிப்படையாக அறிவித்து, யப்பான் அவற்றை மறுத்தாலன்றி, அக்குண்டை அந்நாட்டின்மேற் பயன்படுத்தலாகாதென அமெரிக்கக் குடியரசுத் தலைவரை வேண்டினர். அவ்வேண்டுகோள் பயன்படவில்லை, மறுமாதம் 6ஆம் நாள் ஹிரோஷிமா அழிந்தது. அணுவைப் பிளக்க அறிந்தோரிற் சிலர் உள்ளத்தில் 'சயன்ஸ்' என்பதன் அருகே அதன் உடன்பிறப்பும் விழித்திருந்தது என்பதற்கு அக்கையொப்பங்களே சான்று.

நம் வள்ளுவரும் வாய்மை பற்றிய அதிகாரத்தில், உண்மையை மறைப்பவனை வருத்துவது அவனுடைய நெஞ்சமே என்றார். அந்நெஞ்சின் செயலைச் சொல்ல அவர் ஆண்ட வினையும் 'அறி' என்பதே. உலகை அறிவதற்கும் உள்ளம் தன்னை அறிவதற்கும் வேர் ஒன்று என்பதை உரோமரும் கண்டனர். நம் முன்னோரும் கண்டனர். ஆய்வுகூடத்துக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போமாக.