புத்துப்பட்டு அய்யனார் காடு

புதுச்சேரி டவுன்ல இருந்து ஈசிஆர்ல வடக்கே காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் தாண்டினா தமிழ்நாட்டு எல்லைக்குள்ள கீழ்புத்துப்பட்டு. அங்க மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போறவங்க பலரும் கோயிலைச் சுத்தி நிக்கிற காட்டைக் கவனிக்கிறதில்ல. வீரை, காயா, கருங்காலின்னு எதுவும் யாரும் நட்டதில்ல. சித்திரை வெயில்லயும் பச்சையா நிக்கும். நம்ம கடலோரத்துல ஒரு காலத்துல பரவிக் கிடந்த காடு இதுதான்.

மத்த இடமெல்லாம் விறகாவும் வீட்டுக்கு மரமாவும் போச்சு. வெட்டின இடத்துல ஆடு மேஞ்சுது. தென்மேற்கே இரும்பைப் பக்கம் மேடெல்லாம் செம்மண் பொட்டலாகி, மழைக்கு மண்ணு கரைஞ்சு கடலுக்கு ஓடுச்சு. கடுவெளிச் சித்தர் விட்ட சாபம்னு ஊர்ல சொல்லுவாங்க. மகாகாளேஸ்வரர் கோயில்ல வெடிச்ச லிங்கத்தையும் காட்டுவாங்க. எனக்கென்னவோ சாபத்துல பாதி கோடாலியோடதுதான்.

அந்தப் பொட்டல்லதான் 1968ல ஆரோவில் தொடங்குச்சு. வரப்பு போட்டு மழைத்தண்ணிய நிறுத்தினாங்க. சீக்கிரம் நிழல் வேணும்னு ஆஸ்திரேலியா மரங்களையும் நட்டாங்க. அப்புறம் இந்த மண்ணுக்குச் சொந்தமான மரம் வேணும்னப்போ விதை எங்க இருந்துச்சு? இந்த மாதிரி கோயில் காடுகள்லதான்! குச்சி ஒடிச்சா அய்யனார் கேப்பாருன்ற பயம் காத்து வச்ச விதை அது.

எங்க தாத்தா காலத்துல பொங்கலுக்கு விறகை வீட்டுல இருந்தே வண்டியில கட்டிக்கிட்டுப் போவாங்க. சுத்திலும் காடு இருந்தும், ஒரு சுள்ளி பொறுக்க மாட்டாங்க. இப்ப கார் நிறுத்த எடம் பத்தலன்னு பேசிக்கிறாங்க. அய்யனார் குதிரை எங்க நிக்கும்?