வாக்குமூலத்தில் விழும் இரைச்சல்: மின்காந்த இணக்கம் என்றால் என்ன?

மாத்தளையில், காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் கூறியதை ஒலிப்பதிவு செய்தேன். பின்னர் கேட்டபோது, மகனின் பெயர் வரும் இடத்தில் 'டிக் டிக் டர்ர்' என்ற இரைச்சல் மட்டுமே இருந்தது. பதிவுக் கருவியின் அருகில் கிடந்த எனது கைத்தொலைபேசியே காரணம்.

ஒரு கருவி பிறவற்றைக் குழப்பாமலும், பிறவற்றால் தான் குழம்பாமலும் இயங்குவதே மின்காந்த இணக்கம். 2ஜி தொலைபேசி அழைப்பின்போது செக்கனுக்குச் சுமார் 217 துடிப்புகளாக அலைகளை அனுப்புகிறது. ஒலிவாங்கி வயர் அன்டெனாபோல் அவற்றைப் பிடிக்க, பதிவுக் கருவியின் சுற்று ஒலியாக்கிவிடுகிறது. சமிக்ஞை குறைந்த மலைப்பகுதியில் தொலைபேசி 2 வாட் வரை வலுவைக் கூட்டும்; இரைச்சலும் கூடும்.

சாட்சியம் பதியும் நண்பர்களே, தொலைபேசியை அணைத்துத் தள்ளி வையுங்கள். ஹெட்போனில் கேட்டபடி பதியுங்கள். அந்தத் தாயிடம் மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.